ஜூவில் ஆராய்ச்சி: கெட்டிக்காரப் பிள்ளைகளோடு சில பருவங்கள்

அறிவியலில் கெட்டியான மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, உயிரியல் பூங்காவிலேயே உட்காரவைத்து, ஆளுக்கொரு ஆய்வைச் சொந்தமாகச் செய்யவைக்கிற திட்டம் ஒன்றில் சில ஆண்டுகளாக வழிகாட்டியாக இருக்கிறேன். சேர நினைக்கிற மாணவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். என்ன படித்துவிட்டு வரவேண்டும், எந்த விலங்கு கிடைக்கும், தொட விடுவார்களா, போட்டிக்கு அனுப்பலாமா. கடைசி இரண்டுக்கும் பதில் சுருக்கம். தொட விடமாட்டார்கள். போட்டிக்கு அனுப்பலாம், ஆனால் அதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். மற்றதையெல்லாம் கொஞ்சம் சாவகாசமாகத்தான் சொல்லமுடியும்.

முதலில் விண்ணப்பம். முக்கால்வாசிக் கட்டுரைகள் "சின்ன வயதிலிருந்தே விலங்குகள் என்றால் எனக்கு உயிர்" என்று தொடங்கும். பொய்யில்லை, விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் உயிர்தான். அதனாலேயே அந்த வரியை வைத்து யாரையும் தேர்ந்தெடுக்க முடிவதில்லை. எனக்கு நினைவில் நிற்கிற ஒரு விண்ணப்பத்தில் அந்த மாணவி ஜூவைப் பற்றி எதுவுமே எழுதவில்லை. சுவரோரம் போகிற எறும்பு வரிசையில் எதிரெதிரே வருகிறவை நின்று உணர்கொம்பால் தொட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறாள். எத்தனை நிற்கின்றன, எத்தனை நிற்காமல் போகின்றன என்று எண்ணி, இரை தூக்கி வருகிறவை நிற்பது குறைவோ என்று சந்தேகப்பட்டு ஒரு பக்கம் எழுதியிருந்தாள். கடைசியில், "நான் எண்ணியது போதாது, அதனால் இதை உறுதியாகச் சொல்லமுடியாது" என்று ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் அவளை எடுத்தோம். மதிப்பெண்கள் எப்படியும் தனித் தாளில் வந்துவிடும். கட்டுரையில் அதையே திரும்ப எழுதி இடத்தை வீணாக்கவேண்டாம். நீங்கள் பொறுமையாகப் பார்த்த ஒன்றை, எண்ணிய ஒன்றை, சந்தேகப்பட்ட ஒன்றை எழுதுங்கள்.

நேர்காணலில் ஒரு விஷயம் மட்டும். "தெரியாது" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். வகுப்பில் எப்போதும் முதலில் கையைத் தூக்கிப் பழகிய பிள்ளைகளுக்கு இது வாயிலேயே வராது. தெரியாத கேள்விக்குச் சுற்றி வளைத்து ஐந்து நிமிடம் பேசுகிறவரைவிட, "தெரியாது, ஆனால் இப்படிக் கண்டுபிடிக்கப் பார்ப்பேன்" என்கிறவர்தான் உள்ளே வருகிறார்.

சேர்ந்த பிறகு முதல் வாரங்களில் ஒரு முணுமுணுப்பு கேட்கும். "நிஜ ஆராய்ச்சி லேபில்தானே நடக்கும், இது சும்மா வேடிக்கை பார்க்கிற வேலைதானே" என்று. நான் மூன்று கதைகள் சொல்வேன். உலகம் முழுக்கத் தவளை இனங்களை வாரிக்கொண்டு போன கைட்ரிட் பூஞ்சைக்கு 1999-இல் பெயர் சூட்டி விவரித்தார்களே, அந்தப் பூஞ்சையைப் பிரித்தெடுத்தது வாஷிங்டன் தேசிய விலங்கியல் பூங்காவில் செத்துப்போன ஒரு நீல நச்சுத் தவளையிலிருந்து. அதே 1999-இல் நியூயார்க்கில் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் பரவியபோது, அது வேறொரு வைரஸ் என்றுதான் முதலில் சொன்னார்கள். பிராங்ஸ் பூங்காவின் நோயியல் நிபுணர் டிரேசி மெக்நமாரா, ஊரில் காகங்களும் பூங்காவில் பூநாரைகளும் சாவதைப் பார்த்துவிட்டு, சொல்லப்பட்ட நோயோடு இது பொருந்தவில்லையே என்று விடாமல் கேட்டார். வெஸ்ட் நைல் வைரஸ் அமெரிக்காவுக்கு வந்திருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. மூன்றாவது, இங்கிலாந்தின் செஸ்டர் பூங்காவில் ஆண் துணையே இல்லாமல் வளர்ந்த ஃப்ளோரா என்ற கொமோடோ உடும்பு. அது இட்ட முட்டைகளில் கரு இருந்தது. மரபணுச் சோதனை செய்து, ஆண் சேராமலே கரு உண்டாகியிருக்கிறது என்று 2006-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மூன்றிலும் பின்னால் நடந்தது லேப் வேலைதான். ஆனால் தொடக்கம், தினமும் அந்த விலங்குகளையே பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் "இது வழக்கமில்லையே" என்று நின்று பார்த்தது. வழக்கம் என்னவென்று தெரியாதவருக்கு வழக்கமில்லாதது கண்ணில் படாது.

சரி, கேள்விக்கு வருவோம். இந்தத் திட்டத்தில் மொத்தக் கஷ்டமும் இங்கேதான் இருக்கிறது என்பேன். பிள்ளைகள் கொண்டுவரும் முதல் கேள்விகள் பிரமாண்டமாக இருக்கும். யானை சந்தோஷமாக இருக்கிறதா? அடைப்பில் வாழ்வது குரங்குகளின் மனநலத்தைக் கெடுக்கிறதா? நல்ல கேள்விகள், ஆனால் ஒரு ஜோடிக் கண்ணும் ஒரு நோட்டும் வைத்துக்கொண்டு பதில் காணமுடியாதவை. அந்தக் கேள்வியை வெட்டிக்கொண்டே வரவேண்டும். எந்த விலங்கு, எந்த நடத்தை, எதோடு ஒப்பிட்டு, எந்த நேரத்தில்? வெட்ட வெட்டப் பிள்ளைகளின் முகம் சுருங்கும். "இவ்வளவுதானா?" என்பார்கள்.

அப்போது பூநாரையைக் காட்டுவேன். பூநாரை ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது? மாத்யூ ஆண்டர்சனும் சாரா வில்லியம்ஸும் பிலடெல்பியா பூங்காவின் பூநாரைகளை வைத்து 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் செய்தது, ஓய்வாக நிற்கிற பறவைகளில் எத்தனை ஒற்றைக் காலில் நிற்கின்றன, எத்தனை இரண்டு காலில் நிற்கின்றன, தண்ணீரிலா தரையிலா, வெப்பநிலை என்ன என்று குறித்தது. தண்ணீரில் நிற்கும்போது ஒற்றைக் கால் அதிகம். குளிர் கூடினாலும் ஒற்றைக் கால் அதிகம். உடல் சூட்டைக் காப்பாற்றத்தான் இந்த நிற்றல் என்ற விளக்கத்துக்கு அது பலமான ஆதாரம். கருவி என்று பார்த்தால் வெப்பமானி மட்டும்தான். ஒரு பள்ளி மாணவரால் செய்யமுடியாதது அதில் எதுவுமில்லை. அதோடு கதை முடியவுமில்லை. 2017-இல் யங்-ஹூய் சாங், லீனா டிங் என்ற இருவர், செத்த பூநாரையின் உடல்கூடத் தசையின் உதவியில்லாமல் ஒற்றைக் காலில் நிற்கும், இரண்டு காலில் அப்படி நிற்காது என்று காட்டினார்கள். குளிருக்காக என்பதும், அதற்கு அதுதான் சுலபம் என்பதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிற பதில்கள் இல்லை. இதைச் சொன்னவுடன் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். சின்னக் கேள்வி என்றால் மட்டமான கேள்வி இல்லை என்று அதுவரை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஒரு மாணவன் நீர்நாய்களை எடுத்துக்கொண்டான். மல்லாந்து படுத்துக்கொண்டு கூழாங்கல்லை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, நெஞ்சுக்கு, கழுத்துக்கு என்று உருட்டி விளையாடும் பாருங்கள், அதில் மயங்கிவிட்டான். கல் உருட்டுகிற நீர்நாய் புத்திசாலி நீர்நாய் என்று நிரூபிக்கப்போகிறேன் என்றான். நிரூபிக்கப்போகிறேன் என்று வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பேன். ஏற்கெனவே யாராவது பார்த்திருக்கிறார்களா என்று தேடிவிட்டு வா என்று அனுப்பினேன். 2020-இல் எக்ஸெடர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு கிடைத்தது. புதிர்ப் பெட்டியைத் திறப்பதில் கல் உருட்டுகிற நீர்நாய்கள் மற்றவற்றைவிடக் கெட்டியாக இல்லை. பசி நேரத்தில் உருட்டுவது கூடுகிறது, அவ்வளவுதான். பையன் ஒரு நாள் முழுக்க உம்மென்று இருந்தான். அப்புறம் அவனே வந்து, "அப்படியென்றால் நம் பூங்காவிலும் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கூடுகிறதா என்று பார்க்கலாமே" என்றான். பார்க்கலாம், தாராளமாக. இன்னொருவர் கண்டதை வேறு இடத்தில் சரிபார்ப்பதும் ஆராய்ச்சிதான். கண்டுபிடிப்பு என்ற சொல்லின் மேல் இந்த வயதில் இருக்கிற மோகம் கொஞ்சம் தணிந்தால்தான் வேலை நடக்கும்.

இனி பார்க்கிற முறை. இதற்கு ஜீன் ஆல்ட்மன் 1974-இல் எழுதிய ஒரு கட்டுரையைத்தான் இன்றும் எல்லோரும் கையில் எடுக்கிறார்கள். கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளைப் பார்த்தவர்; கணிதம் படித்துவிட்டு வந்தவர். கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிக்கொண்டே போனால் என்ன ஆகும்? சத்தமான, வேடிக்கையான, சண்டையான காட்சிகள்தான் நோட்டில் ஏறும். மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கிற விலங்கு இல்லாமலே போய்விடும். அதனால் ஒரு விலங்கை மட்டும் குறித்த நேரம் விடாமல் பார்ப்பது ஒரு முறை. குறித்த இடைவெளியில் கூட்டம் முழுவதையும் ஒரு பார்வை பார்த்து ஒவ்வொன்றும் அந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்று எழுதுவது இன்னொரு முறை. எந்தக் கேள்விக்கு எந்த முறை என்பதை அந்தக் கட்டுரையே சொல்லும். வருவதற்கு முன் என்ன படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். முழுக்கப் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

சொல்ல சுலபம். கையில் இருக்கிற போன் ஒரு நிமிடத்துக்கு ஒரு தரம் அதிரும். அதிர்ந்த கணத்தில் நிமிர்ந்து பார்க்கவேண்டும், அந்தக் கணத்தில் இருப்பதைக் குறிக்கவேண்டும். நீர்நாய்ப் பையனின் முதல் தாளைப் பார்த்தபோது கல் உருட்டல் சந்தேகப்படுகிற அளவுக்கு அதிகமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். போன் அதிர்ந்தது. நீர்நாய் பாறையில் கண்ணை மூடிக் கிடந்தது. பென்சிலை எடுத்தவன் எழுதவில்லை, காத்திருந்தான். ஒரு நாலைந்து நொடியில் அது புரண்டு கல்லை எடுத்தது. "கல்" என்று எழுதினான். அவன் ஏமாற்றவில்லை, அது சத்தியம். சுவாரசியமானது வந்துவிடாதா என்று மனசு காத்திருக்கிறது, கையும் கூடவே நின்றுவிடுகிறது. போன் அதிரும்வரை விலங்கைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிரு, அதிர்ந்ததும் நிமிர்ந்து பார், முதலில் கண்ணில் பட்டதைக் குறி என்று மாற்றினோம். கல் உருட்டல் சட்டென்று குறைந்தது.

பார்க்கப்போகிற நடத்தைகளைப் பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதவேண்டும். எத்தோகிராம் என்பார்கள். நடத்தல், படுத்தல், தின்னல் என்று மளமளவென்று எழுதிவிட்டு ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டோம் என்று வருவார்கள். புலியை எடுத்துக்கொண்ட இரண்டு பேர் அப்படித்தான் வந்தார்கள். அடைப்பின் வேலியோரம் புலி ஒரே பாதையில் போய்ப் போய் வருவதை அளப்பது அவர்கள் ஆய்வு. பரந்த நிலத்தில் அலையும் ஊனுண்ணிகளிடம் இந்த உலாத்தல் அதிகம் என்று ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இருவர் 2003-இல் காட்டியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வந்த ஆர்வம். இரண்டு பேரையும் ஒரே புலியை ஒரே நேரத்தில் தனித்தனியாகக் குறிக்கச் சொன்னேன். ஒருத்தி "உலாத்தல்" என்று எழுதிய பாதி இடத்தில் மற்றவள் "நடத்தல்" என்று எழுதியிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து பெரிய வாக்குவாதம். வேலி முனைக்குப் போய்த் திரும்பினாலே உலாத்தலா? எத்தனை தரம் திரும்பவேண்டும்? மூன்று என்று வைத்தார்கள். நடுவில் நின்று தூணை முகர்ந்துவிட்டுத் தொடர்ந்தால்? முகர்ந்தது பத்து நொடிக்குள் என்றால் பழைய கணக்கு, தாண்டினால் புதுசு. திரும்புகிற இடம் ஒரு முழம் தள்ளிப்போனால் அதே பாதையா? இதற்கு அவர்களால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. கடைசியில் வேலிக் கம்பங்களை எல்லையாக வைத்து முடித்தார்கள். ஒரு வாரம் போனது. அந்த வாரத்தில் ஒரு எண்கூட அவர்கள் கையில் சேரவில்லை, அம்மா அப்பா "இன்னும் ஆரம்பிக்கவில்லையா" என்று கேட்டார்களாம். ஆய்வில் பாதி அந்த வாரத்திலேயே நடந்துவிட்டது என்று நான் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது.

இருவர் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு ஒத்துப்போகிறது என்று துள்ளிக்கொண்டு வருவார்கள். புலி பெரும்பாலும் தூங்குகிற பிராணி. இருவருமே பார்க்காமல், குருட்டாம்போக்கில் 80 சதவீதம் "தூக்கம்" என்றும் 20 சதவீதம் "மற்றது" என்றும் எழுதினால்கூட, தற்செயலாகவே 68 சதவீதம் ஒத்துப்போகும். 0.8-ஐ 0.8-ஆல், 0.2-ஐ 0.2-ஆல் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். இந்தத் தற்செயலைக் கழித்துவிட்டுப் பார்க்கிற அளவைத்தான் ஜேக்கப் கோஹன் 1960-இல் கொடுத்தார், கப்பா என்று பெயர். தொண்ணூறு சதவீத ஒற்றுமை அங்கே 0.69 என்று இறங்கிவிடும். மோசமில்லை, ஆனால் துள்ளுவதற்கும் இல்லை. கணக்கில் கெட்டியான பிள்ளைகளுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். தங்கள் எண் இறங்குவதைத் தாங்களே கண்டுபிடித்ததில் ஒரு சந்தோஷம்.

எதிர்பார்ப்பு கண்ணைக் கெடுக்கும் என்பதற்கு நான் சொல்லும் உதாரணம் ராபர்ட் ரோசந்தாலும் கெர்மிட் ஃபோடும் 1963-இல் வெளியிட்ட எலிச் சோதனை. சாதாரண எலிகளையே மாணவர்களிடம் கொடுத்து, சிலரிடம் "இது சிக்கல் பாதையில் கெட்டிக்கார வம்சம்" என்றும், சிலரிடம் "இது மந்த வம்சம்" என்றும் சொன்னார்கள். கெட்டி என்று சொல்லப்பட்ட எலிகள் நிஜமாகவே நன்றாக ஓடியதாகக் குறிப்புகள் வந்தன. எலிகளுக்குள் எந்த வித்தியாசமும் இல்லை. இதைச் சொல்லிவிட்டு, "உங்களையும் கெட்டி என்றுதான் சீட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள்" என்பேன். சிரிப்பார்கள். சிலருக்கு அது கொஞ்சம் உறைக்கும், அதுவும் வேண்டியதுதான். நடைமுறையில் செய்யவேண்டியது இது. விளையாட்டுப் பொருள் போட்ட நாள், போடாத நாள் என்று ஒப்பிடுகிறீர்களா? வீடியோ எடுத்து, எந்த நாள் எது என்று தெரியாத இன்னொருவரை எண்ணச் சொல்லுங்கள். பொருளே படத்தில் தெரிகிறது என்றால் இது முடியாது. அப்போது கருதுகோள் என்னவென்று தெரியாத ஒருவரையாவது பிடியுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை மயக்கம். "என்னிடம் அறுநூறு பதிவுகள் இருக்கின்றன" என்பார் ஒருவர். எத்தனை புலி? ஒன்று. ஒரே ஆளிடம் அறுநூறு தரம் கருத்துக் கேட்டுவிட்டு, அறுநூறு பேர் சொன்னார்கள் என்று எழுதுகிற கதைதான் இது. ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் சூழலியல் ஆய்வுகளை அலசி இந்தப் பிழையைப் போட்டு உடைத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்தும் அது போனபாடில்லை. போன நிமிடம் தூங்கிய புலி இந்த நிமிடமும் தூங்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆகவே அடுத்தடுத்த பதிவுகள் தனித்தனிச் சான்று ஆகா. நிமிடங்களைக் கூட்டி நாளுக்கு ஒரு எண் ஆக்குங்கள். எந்த நாளில் பொருள் போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், வசதியான நாளில் போடாதீர்கள். வசதியான நாள் என்பது பெரும்பாலும் கூட்டமில்லாத நாளாக இருக்கும், அப்புறம் கூட்டமா பொருளா என்று பிரிக்கமுடியாது. ஒரு புலியிடம் கண்டதை "புலிகள்" என்று எழுதாதீர்கள். "இந்தப் புலி" என்று எழுதுங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

பராமரிப்பாளர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சே கிடையாது. கீப்பர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். காலையில் கதவைத் திறப்பதும், எச்சத்தைப் பார்த்து உடம்பு சரியில்லை என்று கண்டுபிடிப்பதும் அவர்கள்தான். புலிப் பெண்கள் இருவரும் ஒரு வரைபடத்தோடு வந்து, மாலையில் உலாத்தல் திடீரென்று கூடுகிறது, பார்வையாளர் நெரிசல்தான் காரணமாக இருக்கவேண்டும் என்றார்கள். கீப்பர் அதை ஒரு நிமிடம் பார்த்தார். "அந்த நேரத்தில் நான் உள்ளே தீனி அறையில் இரும்புத் தட்டைக் கழுவுவேன்மா. அந்தச் சத்தம் கேட்டால் அதற்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான். பார்வையாளர் கணக்கை வைத்து எழுதியிருந்த இரண்டு பக்கம் மூடப்பட்டது. தீனி வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பே உலாத்தலைக் கூட்டும் என்பது ஆய்வுகளில் இருக்கிறது. ஆனால் தட்டுச் சத்தம் என்பது எந்தக் கட்டுரையிலும் இருக்காது. அப்புறம் அவர்கள் தட்டு கழுவும் நேரத்தையும் குறிக்க ஆரம்பித்தார்கள்.

ஆகவே முதல் வாரத்திலேயே கீப்பரிடம் போய், அவர் வேலை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். எப்போது தீனி, எப்போது சுத்தம், எப்போது உள்ளே அடைப்பார்கள், எந்த விலங்கை எப்படி அடையாளம் காண்பது. அவர் வேலையாக இருக்கும்போது கேட்காதீர்கள். உங்கள் ஆய்வுக்காக அவர் ஒரு கதவைக் கூடுதலாகத் திறந்து மூடவேண்டியிருக்கும் என்றால், அந்த ஆய்வைத் திரும்ப யோசியுங்கள். அறிக்கையில் அவர்களுக்கு நன்றி சொன்னால் மட்டும் போதாது. அவர் சொன்ன தகவல் ஆய்வைத் திருப்பியிருந்தால் அதை அதே இடத்தில் எழுதுங்கள்.

சலிப்பு வரும். வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராட்சத ஆமையை எடுத்துக்கொண்ட மாணவி ஒருத்தி, தாள் முழுக்க "அசைவில்லை" என்று எழுதிவிட்டு என்னிடம் காட்டி அழாத குறையாக நின்றாள். அதுவும் தரவுதான் என்று சொன்னால் அந்த நேரத்தில் கோபம்தான் வரும், ஆனாலும் அது தரவுதான். வேகமாகப் பிடித்துக்கொள்கிற பிள்ளைகளுக்கு இந்தச் சலிப்பு புது அனுபவம். பள்ளியில் ஒரு பாடம் சலித்தால் அடுத்த பாடத்துக்குத் தாவலாம், இங்கே தாவ இடமில்லை. சிலர் இந்தக் கட்டத்தில் விட்டுவிடுகிறார்கள். விட்டவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று நான் நினைப்பதில்லை. கணிதமோ கணினியோ அவர்களுக்கு ஒத்துவரும், அது தெரிந்ததே லாபம்.

சில்லறை விஷயங்கள். பென்சில் கொண்டுவாருங்கள், மழையில் பேனா எழுதாது. சிகாகோவின் லிங்கன் பார்க் பூங்கா உருவாக்கிய ஜூமானிட்டர் போன்ற செயலிகள் இருக்கின்றன, வசதிதான்; ஆனாலும் முதல் வாரம் தாளில் எழுதினால்தான் எங்கே குழம்புகிறோம் என்று தெரியும். பட்டியலில் "கண்ணில் படவில்லை" என்று ஒரு கட்டம் கட்டாயம் வையுங்கள். பார்வையாளர்கள் உங்களைப் பணியாளர் என்று நினைத்துக் கேள்வி கேட்பார்கள். ஒரு இடைவெளி முடியட்டும் என்று புன்னகையோடு கையைக் காட்டப் பழகுங்கள். சளி, காய்ச்சல் என்றால் அன்று வராதீர்கள், முக்கியமாக மனிதக் குரங்குகள் பக்கம். நமக்கு வெறும் சளி, அவற்றுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

போட்டி பற்றிச் சொல்கிறேன் என்றேனே. ஐசெஃப் என்கிற சர்வதேச அறிவியல் போட்டிக்கோ அதன் விதிகளைப் பின்பற்றும் போட்டிகளுக்கோ அனுப்ப நினைத்தால், முதுகெலும்பிகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு, தொடங்கும் முன்பே மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். விலங்கோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், அதன் சூழலில் எதையும் மாற்றாமல், வனவிலங்குச் சட்டங்களுக்கு உட்பட்டு வெறுமனே பார்க்கிற ஆய்வுக்கு அந்த முன் ஒப்புதலிலிருந்து விலக்கு இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லி ஒரு பந்தை உள்ளே போட்டாலே அது சூழலை மாற்றுவதுதான். பாதி ஆய்வு முடிந்த பிறகு ஒப்புதல் கேட்டுக் கடிதம் எழுதுகிறவர்களை ஒவ்வொரு பருவமும் பார்க்கிறேன். பின்தேதியிட்டு யாரும் தரமாட்டார்கள். பூங்காவின் சொந்த ஆய்வுக் குழு கொடுக்கிற அனுமதி தனி, அதற்கும் வாரக்கணக்கில் ஆகும்.

கடைசியில் முடிவுகளைச் சொல்கிற நாள். ஆளுக்கு ஒரு போஸ்டர். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று முடிந்த ஆய்வுகள் நிறைய இருக்கும், அவற்றை ஒளித்து வைக்கவேண்டாம். நீர்நாய்ப் பையனுக்குத் தீனி நேரத்துக்கு முன்னால் கல் உருட்டல் கூடுவது தெரிந்தது, ஆனால் இரண்டு நீர்நாய்களில் மட்டும். மூன்றாவது கிழம், கல்லையே தொடவில்லை. மூன்றையும் தனித்தனிக் கோடாக வரைந்து வைத்திருந்தான். சராசரி எடுத்து ஒரே கோடாகப் போட்டிருந்தால் பார்க்க அழகாக இருந்திருக்கும். போஸ்டரைப் பார்க்க வந்த கீப்பர்கள் அந்தக் கிழத்தைப் பற்றித்தான் அவனிடம் அதிக நேரம் பேசினார்கள், அதன் கை மூட்டைப் பற்றி ஏற்கெனவே அவர்களுக்கு ஒரு சந்தேகம் இருந்ததாம்.

போஸ்டரைவிட நான் கறாராகக் கேட்டு வாங்குவது மூலத் தரவை. எத்தோகிராம், தரவு அட்டவணையில் ஒவ்வொரு பத்தியின் தலைப்புக்கும் ஒரு வரி விளக்கம், வானிலைக் குறிப்பு, தவறவிட்ட நாட்கள், எல்லாம் ஒரே கோப்புறையில். அடுத்த பருவத்துப் பிள்ளைகள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். இந்தத் தடவை ஒட்டகச்சிவிங்கி எடுத்திருக்கிற மாணவன், முந்தைய அணியின் கோப்பைத் திறந்துவிட்டு, "கண்ணில் படாததையும் சும்மா நின்றதையும் ஒரே கட்டத்தில் போட்டிருக்கிறார்கள், இதை எப்படிப் பிரிப்பது?" என்று கேட்டான். பிரிக்கமுடியாது. அந்தப் பத்தியை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள் என்றிருக்கிறேன்.